குடைக்காரனின் முகம்

படத்தின் பெயரைச் சொன்னால் நீங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், அப்புறம் நான் சொல்லும் எதுவும் உங்கள் காதில் ஏறாது, அதனால் பெயரைச் சொல்லப்போவதில்லை. தேன்கரடு ஏரியில் எடுத்த கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் என்றாலே போதும், உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து நின்று அந்த இடத்தை நடித்தே காட்டிவிடுவார்: ஏரி நடுவில் துடுப்புப் போடத் தெரியாத கதாநாயகன் பரிசலில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்க, எதிர்க்கரையை ஒட்டிய தட்டைப் பாறையில் பெரிய மீசை ஜமீன்தார் தன் வேலைக்காரனைத் திட்டிக்கொண்டே முன்னால் வர, அவருக்குக் குடை பிடிக்கும் அந்த வேலைக்காரன் குனிந்து குனிந்து பின்னோக்கியே நடந்துபோய்த் தண்ணீரில் விழ, ஆள் முழுகிக் குடை மட்டும் நிமிர்ந்தபடி மிதக்க, ஜமீன்தாரோ ஒன்றுமே நடக்காததுபோல அந்தக் குடையைத் திட்டிக்கொண்டே இருப்பார். நாடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடம் அது. அந்த வேலைக்காரனின் முகம் படத்தில் ஒருமுறைகூடத் தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும். நாங்கள் அவனைக் குடைக்காரன் என்போம்.

படம் எடுக்க வந்தவர்கள் ஜீப்பிலும் கழுதை முதுகிலும் சாமான் ஏற்றிக்கொண்டு எங்கள் மலைக்கு வந்தபோது, கழுத்தில் ஊதல் தொங்கவிட்டிருந்த ஒருவர் ஏரிக்கரையின் இந்த முனையில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, ஊரைக் கூட்டி நிறுத்தி, "நான் சொல்ற வரைக்கும் இந்தக் கயித்தைத் தாண்டி ஒரு ஈ காக்கா போகக் கூடாது, போனா நீங்களும் படத்துல விழுந்துடுவீங்க, அப்புறம் எல்லாம் பாழ்" என்று சொல்லியிருக்கிறார். கடைசி நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கமாக ஓடிச் சாமான்களை ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனவர்கள் இறங்கிப் போனவர்கள்தான், ஊதல்காரரும் அவர்களோடு போய்விட்டார், இனி நீங்கள் அந்தப் பக்கம் போகலாம் என்ற ஒரு வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேறு ஊராக இருந்தால் மறுநாளே கயிற்றை அவிழ்த்து மாடு கட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் வாக்கு என்று ஒன்று உண்டு, சொல்கிறேன் என்றவர் சொல்லாமல் போனால் சொல்லும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்?

மறுநாள் காலையில் மூடுபனி விலகியதும் ஏரியைப் பார்த்தால், பாறையில் யாரும் இல்லை, ஏரி நடுவில் பரிசலும் இல்லை, ஆனால் தண்ணீருக்குள் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். பாறையின் நிழல் விழும் இடத்தில் ஜமீன்தாரின் நிழல் திட்டிக்கொண்டிருந்தது, குடைக்காரன் குனிந்து பின்னால் போய் விழுந்து, காணாமல் போய், மறுபடி குடையோடு எழுந்து நின்றான், பரிசல் சுற்றியது, எல்லாம் கறுப்பு வெள்ளையில், சத்தமே இல்லாமல். எங்கள் ஆட்கள் யாரும் ஓடவில்லை, விழுந்து கும்பிடவும் இல்லை. பால் காய்ச்சிய சட்டியைக் கழுவிய பிறகும் வாசனை கொஞ்ச நாள் தங்குவதில்லையா, அதுபோல சினிமா எடுத்த ஏரியிலும் கொஞ்ச நாள் இப்படித் தங்கும்போல என்று நினைத்துக்கொண்டு பூண்டுக் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாள் என்பது எங்கள் காலம் முழுவதும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அதன்பின் ஊர் அவர்களோடு வாழப் பழகிக்கொண்டது. துணி துவைக்கிற பெண்கள் அலை எழும்பாமல் துவைக்கக் கற்றுக்கொண்டார்கள், மாடுகளை ஓரத்தில் நிறுத்தியே தண்ணீர் காட்டினோம், கல்யாணமாகி வருகிற பெண்ணை முதலில் கோயிலுக்கும் அடுத்து ஏரிக்கும் கூட்டிப்போய் இவர் ஜமீன்தார், இவர் பரிசல்காரர், அதோ அது குடைக்காரன் என்று உறவு சொல்லிக் காட்டினோம். எவனாவது பொண்டாட்டியை அதிகமாகத் திட்டினால் 'போய் ஏரியில் நில், உனக்கு அங்கே இடம் இருக்கிறது' என்பார்கள். மழைக்காலத்தில் படத்தில் கோடு கோடாக ஓடும், பனிக்காலத்தில் எல்லாரும் கொஞ்சம் மெதுவாக நடப்பார்கள். ஒரு பெரிய வறட்சியில் ஏரி சுருங்கிச் சுருங்கி ஒரு முற்றம் அளவுக்கு வந்தபோது ஜமீன்தாரும் குடைக்காரனும் பரிசலும் அந்தச் சேற்றுத் தண்ணீரில் இடித்துக்கொண்டு நெருக்கியடித்துக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், எங்களுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லாத அந்த நாளில், மேல்சுனையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து ஏரியில் ஊற்றினோம். இதைச் சொன்னால் கீழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

கயிறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நைந்துபோனால் தை மாதத்தில் புதுக்கயிறு திரித்து, மஞ்சள் தடவி, பொங்கல் வைத்துக் கட்டுவோம். சந்தைக்குப் போகிற குறுக்குவழி அந்தக் கரையில்தான் இருக்கிறது, ஆனாலும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையைச் சுற்றித்தான் போனோம். அங்கே பேரிக்காய் பழுத்துத் தானாக விழுந்து மக்கிப்போகும், இங்கே நாங்கள் பேரிக்காயை விலைக்கு வாங்கித் தின்போம். ஒரே ஒரு தடவை ஊர்த்தலைவர் வீருமாண்டியின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. மறுநாள் தண்ணீரில் ஒருவரும் இல்லை. ஏரி வெறும் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அடுத்த அமாவாசைவரை ஊரே எழவு விழுந்த வீடாக இருந்தது, அடுப்பு மூட்டவே பெண்களுக்குக் கை வரவில்லை, வீருமாண்டி அந்த எருமையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். மனைவி இறந்த பிறகு தினமும் காலையில் கரையில் உட்கார்ந்து பரிசல்காரரிடம் வீட்டு விசயம் பேசுகிறவர் அவர், அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? திரும்ப அவர்கள் வந்த காலையில் அவர் அழுததை நாங்கள் பார்க்காததுபோல் இருந்துவிட்டோம்.

பிறகு தார்ச்சாலை வந்தது, சாலையோடு வேன்கள் வந்தன. படப்பிடிப்பு நடந்த இடம் பார்க்க வருகிறவர்கள் வேனைவிட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவார்கள், தண்ணீரில் படம் ஓடுவதைப் பார்த்ததும் கயிற்றை நெருங்கி எட்டிப் பார்ப்பார்கள், அதற்குள் குடைக்காரன் விழுந்துவிடுவான், உடனே சிரிப்பு. பொன்னழகியின் டீக்கடையில் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு இன்னொரு முறை பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு ஐப்பசியில் மதுரையிலிருந்து வந்த வேனில் ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. கடுகு நிறப் புடவை, ஐம்பதைத் தாண்டிய முகம், கையில் ஒரு துண்டு. கயிற்றின் ஓரத்தில் நின்று கண்ணை எடுக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், குடைக்காரன் விழும்போதெல்லாம் அவள் கை தானாக ஒரு சாண் முன்னால் நீண்டது.

பொன்னழகிதான் கேட்டாள், "என்னக்கா, சிரிப்பு வரலையா?"

"குடை பிடிக்கிறது எங்கப்பாங்க" என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் மரகதம், செல்லூரில் கைத்தறித் துண்டுகளுக்கு ஓரம் தைக்கிறவள். அவளுடைய அப்பா மாசிலாமணி ஒரு நாடகக் கம்பெனியில் திரை இழுத்துக்கொண்டிருந்தவர். சினிமாவில் ஆள் கேட்கிறார்கள் என்று இந்த மலைக்கு வந்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை படக்காரர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட இந்த ஏரியில் விழுந்து விழுந்து எழுந்து, வீட்டுக்குக் காய்ச்சலோடு போய்ப் படுத்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. மரகதம் அப்போது தாயின் வயிற்றில் இருந்தாள். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. இந்தப் படம் எந்தக் கொட்டகைக்கு வந்தாலும் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு போவாளாம், அந்த இடம் வந்ததும் மகளின் தாடையைப் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பி, அதோ உங்கப்பா என்பாளாம், அதே நொடியில் கொட்டகை முழுக்கச் சிரிக்குமாம். சின்ன வயதில் மரகதமும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

இதைக் கேட்டதும் கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாயில் இருந்ததை விழுங்கமுடியாமல் நின்றோம். எத்தனை வருடம் அவனோடு பழகியிருக்கிறோம், அவன் முதுகு எங்கள் உள்ளங்கைபோலத் தெரியும், இடது தோளுக்குக் கீழே சட்டை கிழிந்து தைத்திருப்பதுகூடத் தெரியும், ஆனால் அவனுக்கு ஒரு வீடு இருக்கும், வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஜமீன்தாருக்கு நாங்களே வம்சாவளி கட்டியிருந்தோம். இவனுக்குப் பெயர்கூட இன்றைக்குத்தான் தெரிந்தது.

மரகதம் கேட்டது ஒன்றுதான். அந்தப் பாறைக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதே, அந்தக் கரையில் போய் நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தால் அவர் முகம் தெரியுமில்லையா, ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். அந்தக் கரைக்குப் போக வேண்டுமென்றால் கயிற்றைத் தாண்ட வேண்டும்.

ஊர் கூடியது. வேனில் வந்தவர்களும் போகாமல் காத்திருந்தார்கள். ஒருவர் எருமையை நினைவுபடுத்தினார். ஒரு மாட்டுக்கே அமாவாசைவரை போனவர்கள், ஒரு மனுசி போனால் திரும்பி வரவே மாட்டார்கள் என்றார் இன்னொருவர். அப்பன் முகத்தைப் பிள்ளை பார்ப்பதற்கு நாம் யார் குறுக்கே நிற்க என்று பொன்னழகி கேட்டாள். கடைசியில் எங்கள் வழக்கப்படி பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இரண்டையும் இலையில் மடித்துக் கயிறு கட்டிய கல்தூணின் முன்னால் போட்டு, இன்னும் பேச்சு வராத ஒரு கைக்குழந்தையை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. குழந்தை எடுத்த பொட்டலத்தைப் பிரித்தபோது செம்பருத்தி இருந்தது.

யாரும் மரகதத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்தான் எங்களைச் சமாதானம் செய்தாள்.

"பரவாயில்லங்க. இம்புட்டு வருசமா திரையில பாத்தேன், இன்னைக்கு முதுகையாச்சும் கிட்டத்துல பாத்துட்டேன்ல. போதும்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் நாங்களும் சண்டை போட்டிருப்போம், அழுதிருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்போம். அந்தப் போதும் என்ற சொல்லைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. வீருமாண்டி எழுந்தார். கல்தூணுக்குப் பக்கத்தில் போய், கன்றுக்குட்டிக்கு வேலிக்கம்பியைத் தூக்கிவிடுகிற மாதிரி, கயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"பூ நமக்குச் சொன்னது. பெத்த பிள்ளைக்குச் சொல்லல" என்றார். "நாளைக்கு இது வெறுந்தண்ணியாப் போனாலும் போகட்டும். நீ போத்தா."

மரகதம் குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து போனாள். யாரும் நடக்காத அந்தக் கரையில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது, அவள் அதை விலக்கி விலக்கி நடந்தாள், நாங்கள் தண்ணீரைப் பார்த்தோம். முதலில் தண்ணீரின் ஓரத்தில் ஒரு புடவைத் தலைப்பு வந்தது, கடுகு நிறம் போய்ச் சாம்பல் நிறத்தில், பிறகு அவள் முழுசாக உள்ளே வந்தாள், கறுப்பு வெள்ளையில், எத்தனையோ காலமாக அந்தப் படத்திலேயே இருப்பவள்போல. திட்டுவதற்குத் தூக்கிய கையோடு ஜமீன்தார் நின்றுவிட்டார். எங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து நிற்காத பரிசல் நின்றது. அவ்வளவுதான், எல்லாம் போகப்போகிறது என்று நினைத்தோம், வீருமாண்டி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். ஒன்றும் போகவில்லை. ஏரி முழுக்க ஒரு அசைவும் இல்லாமல் இருந்தது, காற்றுகூட மலை முகட்டிலேயே நின்றுவிட்டதுபோல் இருந்தது, எத்தனையோ ஆயிரம் தடவை பின்னால் போய் விழுந்தவன் அன்றைக்கு முதல்முறையாக விழாமல் நின்றுகொண்டிருந்தான்.

வேனில் வரும் வழியெல்லாம் அப்பா என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன் என்று மரகதம் பிறகு எங்களிடம் சொன்னாள். யாரையும் கூப்பிட்டுப் பழகாத சொல் அது, சமயத்தில் வராமல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறாள். அங்கே போய் நின்று பார்த்தால் அப்பா இல்லை, ஒரு பையன் நிற்கிறான். அவளுடைய இளைய மகனைவிடச் சின்னவன், அப்போதுதான் மீசை கறுக்கிறவன். கறுப்பு வெள்ளையில் உதடு நீலம் பாரித்திருந்ததா என்று தெரியவில்லை, நடுங்கியது தெரிந்தது. நனைந்த வேட்டி முழங்காலில் ஒட்டியிருந்தது. ஒரு கையில் குடை, இன்னொரு கை வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. எஜமானுக்குப் பயந்து குனிகிறான் என்று ஊர் உலகமெல்லாம் பார்த்துச் சிரித்த அந்தக் குனிவு, முன்னால் நின்று பார்த்தால் பயமும் இல்லை, நடிப்பும் இல்லை, பசி.

மலையில் தண்ணீர்மேல் குரல் நன்றாக நடக்கும். அவள் மெதுவாகத்தான் கேட்டாள், இந்தக் கரையில் இருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"சாப்பிட்டியா ராசா?"

எங்களுக்கு முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். அந்த முதுகுக்கு மேலே இருந்த தலை இடமும் வலமுமாக அசைந்தது.

அப்போது எங்களுக்கு உண்டான வெட்கத்தை எப்படிச் சொல்வது? ஏரிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர்கள் நாங்கள், கயிற்றுக்குப் பொங்கல் வைத்து அந்தப் பொங்கலை அவன் கண்ணெதிரே கரையிலேயே பங்கு போட்டுத் தின்றவர்கள், அவன் விழுவதைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்களுக்குச் சுடச்சுடப் பஜ்ஜி போட்டுக் கொடுத்தவர்கள், வீட்டுக்கு வருகிறவன் எதிரியாக இருந்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்காமல் விடாத ஊர், இத்தனை காலத்தில் ஒருநாள், ஒரே ஒரு நாள், அவனைக் கேட்கவில்லை. பொன்னழகி கடைக்குள் போனாள். தன் வீட்டுக்கு வடித்து வைத்திருந்த சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரைக்காய்க் குழம்புச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள், கயிற்றுக்கு முன்னால் கொஞ்சம்கூட நிற்கவில்லை, நேராகப் போனாள். அவள் பின்னால் வீருமாண்டி போனார். பிறகு நாங்கள் எல்லாரும் போனோம், வேனில் வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் பின்னால் வந்தார்கள். தண்ணீரில் எங்கள் எல்லாருடைய உருவமும் நிறமில்லாமல் விழுந்தது, அதை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை.

அங்கே போய் நின்றுதான் நாங்கள் மாசிலாமணியின் முகத்தைப் பார்த்தோம். மரகதத்தின் அதே தாடை. அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு பேர் வந்து நின்றதில் பையன் கொஞ்சம் கூச்சப்பட்டான்.

மரகதம் கரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஏரித் தண்ணீரிலேயே கையைக் கழுவி, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் அளவுக்கு உருட்டி, அந்த முகத்துக்கு நேராகத் தண்ணீரில் விட்டாள். சோறு விழுந்ததும் தண்ணீர் கலங்கி முகம் உடைந்து துண்டு துண்டாகப் போயிற்று. அவள் கை அப்படியே நின்றது. அவசரப்பட்டுக் கெடுத்துவிட்டேனே என்று அவள் வாய் முணுமுணுத்தது, பக்கத்தில் இருந்த பொன்னழகி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வட்டம் வட்டமாக அலை போய்ப் பாறையில் முட்டித் திரும்பி வந்து அடங்க வெகுநேரம் பிடித்ததுபோல் எங்களுக்கு இருந்தது. பிறகு கண் வந்தது, மூக்கு வந்தது, தாடை வந்தது. ஒரு பக்கத்துக் கன்னம் உப்பியிருந்தது, அவன் மென்றுகொண்டிருந்தான்.

மரகதம் அடுத்த உருண்டையை உருட்டினாள்.

"மெதுவாத் தின்னு ராசா" என்றாள். "இனி உன்னைய யாரும் கூப்பிட மாட்டாங்க."